தொரைக்கு அழுத அழுகை

உயிரோடு இருக்கிற மனிதருக்குத் துக்கம் கேட்கப் போன கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஒருத்தி என்ன, முன்னால் நடந்தவளே நான்தான்.

கேரள எல்லைக்குள், நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே வயலை ஒட்டி எங்கள் வீடு. மாடியில் நான்கு வருடமாக ஒரு வெள்ளைக்காரத் தம்பதி குடியிருந்தார்கள். அவர் தன் நாட்டில் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தம்மா பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அங்கே வருடத்தில் எட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமாம். பென்ஷன் வந்ததும் வெயில் தேடிக் கிளம்பியவர்களுக்கு எங்கள் ஊர் வெயில் பிடித்துப்போயிற்று. ஏப்ரலில் காக்காய்கூட நிழலுக்கு ஒதுங்கும். தொரை மட்டும் மொட்டை மாடியில் சட்டையில்லாமல் மல்லாந்து கிடப்பார். "தொரை கருவாடாட்டக் காயறாருங்க" என்பாள் எங்கள் பால்காரி.

வாரம் தவறாமல் வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் போவார். ஒரு கன்றுக்குட்டிகூட வாங்கியதில்லை. ஒவ்வொரு மாட்டின் வாயையும் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு வருவார். பெண்டாட்டி பல் ஆஸ்பத்திரியில் இருந்ததற்கு இவர் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொள்வேன்.

தொரசாணி எங்களிடம்தான் தமிழ் பழகினார். 'ங்க' போட்டால் மரியாதை என்று ஒருநாள் சொல்லித் தந்துவிட்டேன். அன்றிலிருந்து யாரையும் விட்டுவைக்கவில்லை. மாடிப்படியில் ஏறுகிற கோழியையும், "கோழிங்க, கீழ போங்க" என்றுதான் விரட்டுவார்.

கொரோனா வந்த வருடம் பிப்ரவரியில், தொரை நெஞ்சு ஆபரேஷனுக்காக ஊருக்குப் போனார். மூன்று வாரத்தில் திரும்புவதாக ஏற்பாடு. விமானங்கள் நின்றுபோயின. அவர் அங்கே, அந்தம்மா இங்கே. தினமும் சாயங்காலம் மேசைமேல் இருக்கிற பலகைக் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவார்கள்.

இரண்டு மாதம் போனதும் தொரையின் பேச்சு மாறிவிட்டது. "இனி நான் வரவில்லை. இந்த வயதில் இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அத்தனை தூரம் எதற்கு? கொச்சியிலிருந்து எங்கள் ஆட்களுக்காகத் தனி விமானம் விடுகிறார்கள். வீட்டைக் காலி செய்துவிட்டு நீ வா. சனிக்கிழமைக்குள் சரி என்று எழுது" என்றார். அந்தம்மாவுக்கோ போக மனமில்லை. ஒன்று இந்த ஊர், இல்லையென்றால் புருஷன். சனிக்கிழமைக்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது நானே அயல்நாட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். வேலந்தாவளத்தைத் தாண்டி ஏழே கிலோமீட்டரில் என் அண்ணன் வீடு. இரண்டு நாளைக்கென்று போனேன். எல்லையில் தடுப்புப் போட்டுவிட்டார்கள். அண்ணன் பெண்டாட்டி முதல் வாரம் மூன்று பொரியல் வைத்தாள். ஆறாவது வாரம், "கேரளாக்காரீக எப்பங்க கேட்டைத் திறப்பாங்க?" என்று பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாகப் பாஸ் வாங்கி வந்து சேர்ந்தால், பதினான்கு நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள்.

பால்காரி தினமும் மதில்மேல் பாலை வைத்துவிட்டு, தென்னை மரத்தடியில் நின்று ஊர்ச் செய்தியைக் கத்திச் சொல்லுவாள். பதிமூன்றாவது நாள் கத்தவில்லை. ஜன்னல் பக்கம் வந்தாள்.

"அக்கா... மேலூட்டுத் தொரை தவறிட்டாராட்ட இருக்குதுங்க."

"அட ஏம்மிணி, ஆரு சொன்னா?"

"ஆரு சொல்லோணும்? பாலூத்தப் போனப்ப என்ற கண்ணால பாத்தனுங்க. தொரை படத்துக்கு மாலை போட்டிருக்குது. கீழ செவப்பு ஜீரோ பல்பு எரியுது."

நான் ஜன்னலை முழுசாகத் திறந்தேன்.

"போதாததுக்கு, அவர் போட்டிருந்த கோடு போட்ட சட்டையெல்லாம் மூட்டை கட்டித் தென்னை ஏறறவனுக்குக் குடுத்துப்போட்டாங்க. அம்மா வெள்ளைத்துணியில இருக்கறாங்க. இன்னும் என்னங்க வேணும்?"

இன்னும் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாளாக மேலே நடக்கிற சத்தம் எனக்கே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பாவம், சொல்லி அழ ஆளில்லாமல் நடக்கிறாள் என்று நானும் கீழே கிடந்து அழுதேன்.

வியாழக்கிழமை என் அடைப்பு முடிந்தது. செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்கக்கூடாது, இன்றைக்கே போய்விடலாம் என்று தெருவிலிருந்து ஏழு பெண்கள் கிளம்பினோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு சிக்கல் வந்தது. சுகாதாரத்துறை ஆஷா வர்க்கர் இரண்டு கை தூரம் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

"கட்டிப் புடிக்காம எப்படிங்க அழுகறது?" என்றாள் பால்காரி. "கைய எங்க வெக்கறது?"

"உன்ற மடியில வெச்சுக்க."

"மாஸ்க்கப் போட்டுட்டு அழுதா மூக்கு ஒழுகறது எங்க போகும்?"

"அழுகறதுக்கு முன்னாலயே இத்தனை கேள்வி கேட்டா அழுகை வருமா? ஏறு மேல" என்றேன்.

தொரசாணி கதவைத் திறந்தார். இரண்டரை மாதத்தில் அந்தப் படி ஏறிய முதல் கூட்டம் நாங்கள். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க, வாங்க! எல்லாரும் வாங்க! உக்காருங்க!"

"துக்கம் தலைக்கேறிருச்சுங்க அக்கா" என்று பால்காரி கிசுகிசுத்தாள்.

வராந்தாவில் இரண்டு கை தள்ளித் தள்ளி உட்கார்ந்து முந்தானையைத் தலைக்குப் போட்டோம். உள்ளே சுவரில் தொரை மல்லிகை மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். பால்காரி ஆரம்பித்தாள்.

"ரயிலு ஓட்டுன ராசாவே...
டேசன் வருமுன்னே எறங்கிட்டீங்களே...
வேலந்தாவளம் சந்தையில
மாடெல்லாம் வாயத் தெறந்து தேடுதுங்களே..."

நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து இழுத்தோம். பொய்யழுகை இல்லை. அந்த வருடம் அழுவதற்கு ஆளாளுக்குச் சொந்தமாக ஏதோ இருந்தது. முதல் அடி முடிந்ததும் தொரசாணி கை தட்டினார்.

தட்டிவிட்டு உள்ளே போய் எலுமிச்சை ஜூஸும் கேக்கும் கொண்டுவந்து நீட்டினார். துக்க வீட்டில் யார் கை நனைப்பார்கள்? ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

"ஏனுங்க? சக்கரை பத்தலீங்களா?"

பால்காரி பதிலுக்கு இரண்டாம் அடியை எடுத்தாள். பாதியில் மேசைமேல் இருந்த பலகை மணி அடித்தது. தொரசாணி தொட்டார். அதில் கம்பளிச் சட்டையும் கண்ணாடியுமாகத் தொரை.

பால்காரியின் பாட்டு வாயிலேயே நின்றது. எங்களில் ஒருத்தி எப்போது படி இறங்கினாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நான்தான் மாலையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். தொரசாணி வாயில் கையை வைத்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை அவருக்குப் பிறந்தநாளுங்க. உங்க ஊட்டுல அப்பா, அம்மா, மாமனார் எல்லார் படத்துக்கும் மாலை, பல்பு இருக்குதுங்களே? மரியாதைன்னு நெனச்சனுங்க."

"அவீக அல்லாரும் செத்துப் போனவீக அம்மிணி!" என்றேன்.

"அப்பச் சட்டைங்க?" என்றாள் பால்காரி விடாமல்.

"அது கோபமுங்க" என்று மெல்லச் சொன்னார். வரமாட்டேன் என்று அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூட்டை கட்டியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை மனம் கேட்காமல் மாலை போட்டிருக்கிறார். வெள்ளைத்துணி வெக்கைக்குக் கட்டியது.

எல்லாவற்றையும் அவர்கள் பாஷையில் தொரைக்குச் சொன்னார். தொரை சிரித்த சிரிப்பில் எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. "சிரிக்க வேண்டாம்னு சொல்லுங்க, தையல் பிரிஞ்சுரும்!" என்று பால்காரி பலகையைப் பார்த்துக் கத்தினாள். அதையும் மொழிபெயர்த்ததில் இன்னும் சிரித்தார்.

பிறகு பாட்டுக்கு அர்த்தம் கேட்டார். ஸ்டேஷனும் மாடும் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் காலத்தில் ஏழு பேர் வந்தார்களா என்று இரண்டு முறை கேட்டார். அந்த வாரம்தான் அவரோடு முப்பது வருடம் ரயிலோட்டிய நண்பர் இறந்திருக்கிறார். அடக்கத்தை இவர் கம்ப்யூட்டரில் பார்த்தாராம். நான்கு பேர், இருபது நிமிடம், யாரும் சத்தம் போடவில்லை. மீதிப் பாட்டையும் பாடச் சொன்னார்.

"உசுரோட இருக்கறவீகளுக்கு முழுசாப் பாடப்படாதுங்க" என்று பால்காரி மறுத்துவிட்டாள்.

அவர்கள் இருவரும் பேச ஆரம்பித்ததும் எழுந்து வந்தோம். பழக்கதோஷம், துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாதென்று பேசாமல் இறங்கினோம். தொரசாணி படிவரைக்கும் ஓடிவந்தார். "சொல்லாமப் போறீங்களே! வர்றோம்னு சொல்லுங்க!" இரண்டு படி திரும்ப ஏறி, ஆறு பேரும் சொல்லிவிட்டு இறங்கினோம்.

"தலைக்கு ஊத்தோணுமா, வேண்டாமாங்க?" என்று கீழே ஒரு பிரச்சினை கிளம்பியது.

"அழுதாச்சு. ஊத்திக்க வேண்டியதுதான்."

சனிக்கிழமை தொரசாணி விமானத்துக்கு எழுதவில்லை. வழி திறந்ததும் தானே வருவதாகத் தொரை சொல்லியிருப்பதாகச் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. மாலையைக் கழற்றச் சொன்னோம்; பல்பு மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

அடுத்த வருடக் கடைசியில், கையில் ஒரு தடியோடு, பாதியாய் இளைத்துத் தொரை வந்து இறங்கினார். ஏழு நாள் மாடியை விட்டு இறங்கக்கூடாது என்று உத்தரவு. முதல்நாள் காலை பால்காரி முற்றத்தில் நின்று, சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் கம்பியைப் பிடித்துக் குனிந்து, பெண்டாட்டி சொல்லிக்கொடுத்ததை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"டேசன்ல... எறங்கிட்டேனுங்க."

"சந்தோசமுங்க. ஆனா ஒண்ணு சொல்லிப்போட்டனுங்க. நாளைக்கு நெசமாலுமே ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையக் கூப்படப்படாது. நானு முன்னாலயே அழுது முடிச்சாச்சு."

உள்ளிருந்து தொரசாணியின் குரல் வந்தது. "பாதிதானுங்க பாடினீங்க!"

பால்காரி பாலை அளந்து ஊற்றினாள். "மீதி இருக்கட்டுங்க. அவசரம் ஒண்ணுமில்லை."