காந்தம் நிற்காத இடம்

அவரை எல்லோரும் 'ஒடுக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடம் கார்களின் ஒடுக்கை எடுத்ததால் பட்டறைத் தெரு வைத்த பெயர். நல்ல தொழிலாளி என்று சொல்லலாம். மிகச் சிறந்தவர் என்று எழுத எனக்குத் தயக்கம்; கோபம் வந்தால் சுத்தியல் ஓர் அடி கூடுதலாக விழுந்துவிடும். ஆனால் ஒன்று. பட்டி என்ற பசையைப் பூசிப் பெயின்ட் அடித்தால் எந்தப் பள்ளமும் ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். அவர் அதைத் தொட்டதே இல்லை. தகட்டைத் தட்டித்தான் நிமிர்த்துவார்.

அதற்கு இரண்டு கை வேண்டும். வெளியே சுத்தியல், உள்ளே முட்டுக்கொடுக்க உள்ளங்கை அளவு இரும்புக்கட்டி. போன வருடம் இடது கை நரம்பு தளர்ந்து, தண்ணீர் டம்ளர்கூட நழுவ ஆரம்பித்தது. அந்த வாரம்தான் கண் டாக்டரம்மாவின் பழைய அமெரிக்கக் கார் வந்தது. வண்டிக்கு அறுபது வயது; படகு போல நீளம்; உள்ளே சோபா மாதிரி சீட்டு. அதுவரை சின்னக் கார்களையே பார்த்தவர், ஆசையோடு அதை ஒருமுறை சுற்றிவந்து, திருப்பி அனுப்பத் தயாரானார்.

அதுவரை வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்த மனைவி, மட்கார்டுக்கு அடியில் குனிந்து இரும்புக்கட்டியை எடுத்தாள்.

"நீங்க அடிங்க. நான் பிடிக்கிறேன்."

"விரல் போயிடும்."

"போனா என் விரல்தானே? தையல் மெஷின்ல வாங்காத குத்தா?"

தகட்டுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அடியின் சத்தத்தைக் கேட்டே அவள் கட்டியை நகர்த்தப் பழகினாள். எட்டு மாதம் இப்படி ஓடியது.

டாக்டரம்மாவின் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. ஓர் இடத்தில் விழுந்தாலும் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோவேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் பார்க்க வருவதாகச் சொன்ன காலையில், ஒடுக்கு தானே ஒரு காந்தத்தை வண்டி முழுக்க ஓட்டிப் பார்த்தார். கூரையும் பின்பகுதியும் சேரும் இடத்தில் அது டக்கென்று விழுந்தது. மறுபக்கமும் அப்படியே. அவர் கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போன நாளில், மனைவி தனியாகச் சுரண்டி ப்ரைமர் அடித்த இடம் அது.

"யாரு இங்க பட்டி வச்சது?"

"எங்க?"

"நடிக்காத. என்னால முடியாதுன்னு நீயே மெழுகிட்டியா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கே போன்ல சொன்னேன். பெயின்ட்டுக்கு அடியில வெள்ளையா, மெத்துன்னு என்னவோ இருக்குங்கன்னு. 'தொணதொணன்னு பேசாத, ப்ரைமர் அடி'ன்னீங்க. அடிச்சேன்."

போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள். இருவரும் சேர்ந்து சரிசெய்த கதவு. கோபத்தைக்கூட மெத்தென்றுதான் மூடியது.

அவர் கத்தியால் ப்ரைமரைச் சுரண்டினார். பட்டியானால் மாவாக உதிரும். இது வெள்ளி நிறத்தில் சுருளாக வந்தது. ஈயம்; அதிலும் காந்தம் ஒட்டாது. பட்டி வருவதற்கு முந்தைய காலத்தில், தொழிற்சாலையிலேயே இணைப்புகளில் ஈயத்தை உருக்கி இழைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார், பார்த்ததில்லை. யாரோ ஒருவரின் அரம் ஓடிய மெல்லிய கோடுகள் அதில் அப்படியே இருந்தன.

"அந்த ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கணும் போல இருந்துச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார். முகம் தெரியாதவருக்கு நன்றி சொல்வது எளிது. பின்சீட்டில் இருப்பவருக்குச் சொல்லத்தான் நாக்கு எழுவதில்லை.

டாக்டரம்மா வந்தார். காந்தம் விழுந்தது. அவர் புருவம் உயர்ந்தது.

"பட்டி இல்ல டாக்டரம்மா, ஈயம். வண்டி பொறந்தப்போ வச்சது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு, பாருங்க." பின்சீட்டுப் பக்கம் கை காட்டினார். "முதல்ல கண்டுபிடிச்சது இவதான். சொன்னா. எனக்குத்தான் காது கேக்கல. வாய் மட்டும் வேலை செஞ்சுது."

டாக்டரம்மா கோடுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, காந்தத்தைப் பைக்குள் போட்டார். "வண்டி இங்கயே இருக்கட்டும்."

பின்கதவு திறந்தது. "காதெல்லாம் நல்லாத்தான் கேக்கும் டாக்டரம்மா. நான் பேசினா மட்டும் அடைச்சுக்கும்."

பின் மட்கார்டில் இன்னும் ஒரு பள்ளம் பாக்கியிருந்தது. ஒடுக்கு இரும்புக்கட்டியை எடுத்து, இரண்டு கையாலும் மனைவியிடம் நீட்டினார்.