அவள் பக்கத்துக் கதவு

தையல்காரர் இரண்டு பொருள்களை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டார். ஒன்று கத்தரிக்கோல், இன்னொன்று கார்ச் சாவி. கத்தரிக்கோலைக் கொடுத்தால் காகிதம் வெட்டி முனையை மழுக்கிவிடுவார்கள், அதில் நியாயம் உண்டு. சாவி விஷயத்தில் வெறும் வீம்புதான். அவர் மனைவியின் தங்கை பள்ளி வேன் ஓட்டுகிறவள். ஊரார் பிள்ளைகளை ஒரு சிராய்ப்பு இல்லாமல் வீடு சேர்ப்பவள். அவளுக்குக்கூடச் சாவி கிடையாது.

அந்தக் கார் விபத்தில் சிக்கி, மனைவி உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு நசுங்கிப்போயிற்று. பழைய சாமான் கடையில் வேறொரு கதவு வாங்கி மாட்டினார்கள். நிறம் என்னவோ பொருந்தியது. சாத்தினால் மட்டும் காலி எண்ணெய் டின்னை உதைத்தது மாதிரி ‘டொங்’ என்றது. வண்டி நகர்ந்தால் உள்ளே ஏதோ கடகடவென்று ஆடியது.

மனைவி பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதில் கெட்டிக்காரி. அவள் எடுத்த காஜாவைத் தடவிப் பார்த்துவிட்டே இன்னொரு சட்டைக்குத் துணி கொடுத்துப் போனவர்கள் உண்டு. விபத்தில் ஒடிந்த மணிக்கட்டு இப்போது கூடிவிட்டது. விரல்கள்தான் மடங்க மறுத்தன. “பயிற்சிக்கு உடனே கூட்டிட்டு வாங்க. இப்படியே விட்டா விரல் இறுகிடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது” என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பயிற்சி நிலையம் ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. இரண்டு தடவை புறப்பட்டார்கள். இரண்டு தடவையும் அவள் கார் வரை வந்து, ஏறாமல் திரும்பிவிட்டாள்.

“என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார்.

“அந்தக் கதவுச் சத்தம் கேட்டா பயமா இருக்குங்க” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அது போதாதா? மனுஷர் கதவைப் பிடித்துக்கொண்டார். “சாவியக் குடுங்க மாமா, நான் ஓட்டிட்டுப் போறேன். நாள் போய்க்கிட்டே இருக்கு” என்று தங்கை கேட்டதற்கு, “கதவு சரியாகட்டும். என் பொண்டாட்டிய நானே கூட்டிட்டுப் போவேன்” என்று எரிந்து விழுந்தார்.

திருகுகளைக் கழற்றி, கதவின் உள்பலகையைப் பிடுங்கினார். உள்ளே பார்த்தால் வெறும் பொந்து. தையல்காரர் மூளை எப்படி ஓடும்? கோட்டுத் தோள் தொளதொளத்தால் உள்ளே பஞ்சு வைப்போம், கதவுக்கும் அதுதான் வைத்தியம் என்று முடிவு கட்டினார். கடையில் கிடந்த வெட்டுத் துணி, பஞ்சு, கித்தான் துண்டு எல்லாவற்றையும் திணித்து மூடினார். சாத்தினார். ‘பொத்’ என்றது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மழை அடித்து ஊற்றியது. கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கும், அடியில் இருக்கிற துளைகள் வழியாக வெளியேறும். எல்லாக் கார்க் கதவும் அப்படித்தான். இவர்தான் துளைகளைத் துணியால் அடைத்து வைத்திருந்தாரே! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. கதவைத் திறந்தால் கொளக் கொளக் என்றது. கண்ணாடி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

“காருக்கு நீர்க்கோவையா மாமா?” என்றாள் தங்கை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். ஜன்னல் வழியே மனைவி தெரிந்தாள். மேஜைமேல் கிடந்த ஒரு பட்டனை எடுக்கப் பார்த்தாள். நழுவியது. மறுபடி எடுத்தாள், மறுபடி நழுவியது. தையல்காரர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதார். அந்தக் கை போய்விடும் என்று அவருக்கு உயிர் போகிற பயம்.

ஊறிய துணியை முழுதும் உருவி எறிந்தார். கோணி ஊசியால் துளைகளைக் குத்தித் திறந்தார். கதவைத் துடைத்துக் காயவைத்து, மெக்கானிக் கடையில் வாங்கிய, சத்தத்தை அடக்கும் தார் ஷீட்டை வெட்டி, விரலால் தட்டிப் பார்த்து, காலியாய் ஒலித்த இடத்திலெல்லாம் தகரத்தோடு அழுத்தி ஒட்டினார். கடகடத்தது எது என்றும் தெரிந்தது. பூட்டுக்குப் போகிற கம்பியைப் பிடித்திருந்த கிளிப் உடைந்திருந்தது. புது கிளிப் மாட்டி, கம்பிக்கு மெத்தென்று நாடா சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டினார். சாத்தினார். ‘துப்’ என்றது. புதுக் கார் தோற்றுவிடும்.

“பாரு! சத்தமே இல்ல!” மனைவியை வாசலுக்கு அழைத்துவந்து திறந்து காட்டினார், சாத்திக் காட்டினார், உலுக்கியும் காட்டினார். அவள் ஓரடி பின்னால் போனாள்.

“இன்னும் என்னம்மா? நான் வேற என்னதான் பண்ணட்டும், சொல்லேன்!” கத்தலாய்த் தொடங்கிக் கெஞ்சலாய் முடிந்தது.

“கதவு நல்லாத்தான் இருக்கு” என்றாள். பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். “அன்னைக்கு ‘வண்டி வருதுங்க’ன்னு சொன்னேன். ‘பாத்துட்டேன், பாத்துட்டேன்’னு சொன்னீங்க. நீங்க பாக்கல.”

எவனோ எங்கிருந்தோ வந்து மோதிவிட்டான் என்றுதான் அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்து, பூசணிக்காயே இல்லை என்று அவரே நம்பிவிட்டார். அன்றைக்கு அவர் கண் இருந்தது நடைபாதையில் போன யாரோ ஒருவருடைய கோட்டுக் காலரில். தையல் கோணலாக இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குக் கதவப் பாத்துப் பயமில்லங்க” என்றாள். அவள் பார்வை சாவி இருந்த அவர் சட்டைப்பையில் நின்றது.

தையல்காரர் பையிலிருந்து சாவியை எடுத்தார். பக்கத்தில் நின்ற தங்கையிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். மனைவி மெதுவாக முன்னால் தன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

“நீங்களும் பின்னாடி ஏறுங்க மாமா.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க போயிட்டு வாங்க” என்றார். இரண்டு கையாலும் பிடித்துக் கதவைச் சாத்தினார்.

கார் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கிப் போயிற்று. தெருமுனை திரும்பும் வரை அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கதவிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.