நீலக் கதவு வீட்டு விலாசம்

தாராவியில் எங்கள் சந்தில் சயரோகம் வந்தவர்கள் யாரும் தவாகானா என்கிற தர்ம மருந்தகத்தில் சொந்த விலாசம் கொடுக்கமாட்டார்கள். மாஹிமில் இருக்கும் சித்தப்பா வீடு, காட்கோபரில் மச்சான் வேலை பார்க்கும் கடை என்று எதையாவது சொல்லிவிடுவார்கள். மருந்தை நடுவில் நிறுத்தினால் நர்ஸம்மா வீடு தேடி வந்துவிடுவார், அதுதான் பயம். வெள்ளைச் சேலை சந்துக்குள் நுழைந்தால் எந்த வாசலில் நிற்கிறது என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். மறுநாள் குழாயடியில் அந்த வீட்டுக் குடத்தை யாரும் தொட்டு நகர்த்தமாட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்கு அந்த நோய் வந்தபோது நானும் அதையேதான் செய்தேன். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றோ நாலோ இருக்கும். அவருக்குத் தோல் பட்டறையில் வேலை. இருமலோடு ரத்தம் வந்தது. சில வருஷம் முன்னால் என்றால் ஊருக்கு ரயிலேற்றி விட்டிருப்பார்கள். என் மாமனாரின் தம்பியை அப்படித்தான் ஏற்றிவிட்டார்கள், அவர் திரும்பவில்லை. இப்போது முனிசிபாலிட்டி தவாகானாவிலேயே ஊசியும் மாத்திரையும் சும்மா கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம், வீட்டிலிருந்தே வந்து போட்டுக்கொள்ளலாம். ஒன்றரை வருஷம் விடாமல் வரவேண்டும், அவ்வளவுதான்.

கார்டு எழுதும் குமாஸ்தா விலாசம் கேட்டார். நான் ஐந்தாவது வரை படித்தவள். எனக்கு முழுசாகத் தெரிந்த விலாசம் ஒன்றுதான்: மாட்டுங்காவில் நான் பாத்திரம் தேய்க்கும் வீடு. கட்டடத்துக்குப் பேர், மாடி, கதவு நம்பர் எல்லாம் உண்டு. தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொல்லிவிட்டேன்.

மூன்று மாதத்தில் இருமல் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. ஒரு நாள் காலை அவர் நேராகப் பட்டறைக்குக் கிளம்பினார்.

"ஊசிக்குப் போவலியா?"

"எதுக்கு? நல்லாத்தான இருக்கேன். குத்திக் குத்தி இனி உக்கார எடமில்ல."

"டாக்டரு ஒன்றர வருசம்லா சொன்னாரு."

"சொல்லுவாரு. வரிசைல நிக்கது நானுல்லா. லேட்டா போனா மேஸ்திரி மூஞ்சத் தூக்குதான்."

எனக்கு அதற்குமேல் வாய் வரவில்லை. எப்போதுமே அப்படித்தான். மூன்று வாரம் போயிற்று. ஒரு காலையில் பல் விளக்கும்போது மறுபடியும் இருமினார். இரண்டு பேரும் அது கேட்காத மாதிரி இருந்துவிட்டோம்.

அன்றைக்கு மாட்டுங்காவில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது வீட்டம்மா வந்து நின்றார்.

"வாசல்ல ஒரு நர்ஸ் நிக்கறா. உன் ஆம்படையான் பேரைச் சொல்லி, இங்கே இருக்கானான்னு கேக்கறா. எங்காத்து விலாசத்தையா குடுத்தே?"

"ஆமாம்மா."

"அவனுக்கு டிபியா?"

என் கையெல்லாம் சாம்பல். முகத்தை மறைக்கக்கூட முடியவில்லை. "ஆமாம்மா."

"குழந்தை இருக்கற ஆத்துல ஒரு வார்த்தை சொல்லப்படாதா? போய் நீயும் நெஞ்சுப் படம் எடுத்துண்டு வா. அதுவரைக்கும் வரவேண்டாம்."

அவர் கேட்டதில் தப்பில்லை. நர்ஸம்மா மூன்று மாடி ஏறி வந்த களைப்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். மராத்திக்காரர். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. நடுவில் விட்டுவிட்டால் அப்புறம் அந்த மருந்து கேட்காது என்றார். பொய் விலாசம் என்று தெரிந்தால் டாக்டர் கார்டில் பேரை அடித்துவிடுவார், நாளைக்கே வந்து சரியானதைச் சொல் என்று இந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நெசத்தச் சொன்னா ரூம்காரன் காலி பண்ணச் சொல்லுவான், தெரியும்லா?" என்றார்.

"சொல்லட்டும். வேற ரூம் பாத்துக்கிடலாம். வேற ஆளு பாக்க முடியுமா? நாளைக்கு நீங்க வாறீய. வரலேன்னா பட்டறை வாசல்ல வந்து நிப்பேன்."

அவர் என்னையே பார்த்தார். அவ்வளவு நீளமாக நான் அதுவரை பேசியதில்லை.

மறுநாள் அவர் ஊசி வரிசையில் நின்றார், நான் குமாஸ்தாவின் ஜன்னலில் நின்றேன். வீட்டு நம்பர் கேட்டார். இல்லை என்றேன். நம்பர் இல்லாத வீட்டுக்கு நர்ஸ் பறந்து வருவாளா என்றார். எனக்குத் தெரிந்த இந்தியில் வழி சொன்னேன். காதில் விழவில்லை, "ஜோர் ஸே போலோ" என்றார். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்: தாராவி, எங்கள் சந்து, குழாய்க்கு எதிரே மூன்றாவது வீடு, நீலக் கதவு.

கண்ணைத் திறந்தபோது வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. அதில் குழாயடியில் எனக்குப் பின்னால் குடம் வைக்கும் பெண்ணும் ஒருத்தி. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் விலாசம் சரிதானா என்று பார்க்க நர்ஸம்மா வந்தார். அவர் போனதும் எதிர்வீட்டுக்காரி, "ஏளா, வெள்ளச் சேல விருந்தாளிலாம் வருதாவ!" என்றாள்.

"ஆமா, எங்க வீட்டுல அவியளுக்கு டிபி. ஊசி போட்டுக்கிடுதாவ. நிறுத்துனா மறுபடியும் வந்து நிப்பாவ" என்றேன். சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

அதன்பிறகு என் குடத்தை நானேதான் நகர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. ரூம்காரர் இரண்டு தடவை வந்து முறைத்துவிட்டுப் போனார். காலி செய்யச் சொல்லவில்லை. என் படம் சுத்தமாக இருந்தது. மாட்டுங்காவுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அதற்குள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். செம்பூரில் பாத்திரம் தேய்க்க வேறு வீடு பிடித்தேன். காலையில் அவரைத் தவாகானா வாசலில் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

ஒரு மத்தியானம் குழாயடிக்குப் போனால் என் குடம் முன்னால் நகர்ந்திருந்தது. வரிசையில் வாயை மூடிக்கொண்ட அந்தப் பெண்தான் நகர்த்தியிருந்தாள்.

"எக்கா, நம்பர் இல்லாத வீட்டுக்கு எப்படி விலாசம் சொன்னீய?"

சொல்லிக்கொடுத்தேன். அவள் கார்டில் குமாஸ்தா, 'நீலக் கதவுக்கு அடுத்தது' என்று எழுதினாராம். அப்புறம் சந்தில் இன்னும் இரண்டு வீட்டில் பொய் விலாசத்தை மாற்றினார்கள். சந்தில் யாரைத் தேடினாலும் நர்ஸம்மா முதலில் எங்கள் வாசலுக்கு வந்துதான் வழி கேட்பார்.

என் வீட்டுக்காரருக்கு மருந்து முடிந்த மாதத்தில் கதவு சாயம் உரிந்து கிடந்தது. பச்சை அடிக்கலாமா என்று கேட்டார். நீலமே வாங்கிவரச் சொன்னேன்.