முன்தாடையில் வைத்த கற்பூரம்

முதலாளியின் ஜெர்மன் கார் கொழும்புக்குப் போய்விட்டு ஹட்டனுக்குத் திரும்பிய காலையில், அது அதே கார்தான் என்று நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது. போன மாதம் துறைமுகத்திலிருந்து வந்தது உயரமான, சாதுவான வெள்ளைக் கார். இது தரையோடு பதுங்கி நின்றது. குரோம் பம்பரைக் காணவில்லை. அந்த இடத்தில் பால் வெள்ளையில் ஒரு தாடை இறங்கி, ரோட்டுக்கு நாலு விரற்கடை மேலே நின்றது. இரண்டு பக்கமும் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஒரு விளிம்பு. டிக்கியின் மேல் வாத்து வால்போல ஒரு சின்னத் தூக்கல். எங்கும் ஒட்டுத் தெரியவில்லை. ஒரே வார்ப்பில் பிறந்ததுபோல் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறிகள் வைத்திருந்த ஒரு முதலாளியின் கராஜில் நான் கிளாக்கராக இருந்தேன். அம்மா அக்கரப்பத்தனைப் பக்கம் கொழுந்து பறித்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். முதலாளிக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. வருகிற கடிதங்களை நான் வாசித்து, தமிழில் சொல்வேன். அவர் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார். இரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது.

காரோடு இங்கிலீஷில் ஒரு கட்டலொக் வந்திருந்தது. இடது பக்கத்தில் வெறும் கார், வலது பக்கத்தில் அதே கார், கம்பெனியே செய்த உறுப்புகளைப் பூட்டிக்கொண்டு. முதலாளி வலது பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"எனக்கு இப்படி வேணும்டா. கம்பெனி செஞ்சதா இருக்கணும். எவனாவது தகரத்தத் தட்டிக் குடுக்குறது வேணாம்."

பின்பக்கத்துக்கு இரண்டு வகை இருந்தன. பெரிய இறக்கை ஒன்று, சின்ன விளிம்பு ஒன்று. பெரியதைக் காட்டினேன்.

"என்னடா இது, முதுகுல மேசைய வச்சுக்கிட்டு? சின்னதப் போடு. மரியாதையா இருக்கும்."

உறுப்புகளின் பட்டியலை அகராதி வைத்துத் தமிழில் எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். ஒவ்வொரு உறுப்புக்கும் எதிரே, அது எதனால் செய்தது என்று ஒரு நீண்ட சொல் இருந்தது. என் அகராதியில் அது இல்லை. "இதெல்லாம் இரும்புதானே?" என்று முதலாளி கேட்டார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "இரும்புதாங்க மொதலாளி" என்றேன். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

கொழும்பில் உறுப்புகளைப் பூட்டி, காரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்து, ஆயுத பூசையன்று காலையில் வந்து சேரும்படி அனுப்பிவைத்தார்கள். கராஜ் முற்றத்தில் லொறிகள் எல்லாம் கழுவி, சந்தனம் பூசி, வரிசையாக நின்றன. மெக்கானிக்குகள் காரைச் சுற்றி வந்தார்கள்.

"கொழுந்துக்குப் போற பொம்பளைங்க அட்டை ஏறாம இடுப்புல படங்குத் துணி கட்டுவாங்களே, அது மாதிரி கட்டி வுட்டிருக்கான்யா ஜெர்மன்காரன்."

"ஏன், அவன் நாட்டுலயும் அட்டை கடிக்குமாக்கும்."

"பூண்டுலோயா ரோட்டுல ஒரு நாளைக்கி ஓடட்டும். தாடைய அங்கேயே வச்சிட்டு வந்துரும்."

மூத்த டிரைவர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. இருபது வருடமாக முதலாளியிடம் இருப்பவர். கராஜுக்குப் பின்னாலிருந்த அறையில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு குடியிருந்தார். குனிந்து அந்தத் தாடையை விரல் கணுவால் தட்டினார்.

"தம்பி, சத்தம் ஒரு மாதிரியா இருக்கே. இரும்புதானா?"

"ஜெர்மன் இரும்புண்ணே. மெல்லிசா இருக்கும்." இரண்டாவது தடவை சொல்ல எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

எங்கள் கராஜில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் கற்பூரத்தைத் தட்டில் வைத்துக் காட்டுவார்கள். எங்களிடம் வண்டியின் முன்பம்பரிலேயே வைத்துக் கொளுத்துவார்கள். சாமி வண்டியிலேயே இறங்கவேண்டும் என்பார்கள். லொறியின் பம்பர் இரும்புப் பாளம். கரி படியும், அவ்வளவுதான். அந்தக் கரியை ஒரு வாரத்துக்கு யாரும் துடைக்கமாட்டார்கள். அதைக் கொளுத்துவது எப்போதும் டிரைவர் அண்ணன்தான்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அண்ணன் தாடையின் விளிம்பில் வெற்றிலை ஒன்றை வைத்து, அதன்மேல் கற்பூரத்தைக் குவித்துப் பற்றவைத்தார். எல்லோரும் கும்பிட்டோம்.

நான் கண்ணைத் திறந்தபோது வெற்றிலை சுருண்டு கிடந்தது. அதைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட் கொப்புளித்துக்கொண்டிருந்தது. அம்மை போட்ட முகம்போல, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக. யாரோ "அம்மா தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த கணம் கொப்புளங்கள் கறுத்தன. தாடை நடுவில் தொய்ந்து, கறுப்பாகச் சொட்டியது. சொட்டிய துளி தரையிலும் எரிந்தது. செருப்பைத் தீயில் போட்டதுபோல ஒரு நாற்றம். இரும்பு சொட்டுமா? அண்ணன்தான் ஈரச் சாக்கை எடுத்து வந்து அழுத்தினார். சாக்கை எடுத்தபோது, பிளந்த வாயைப்போல ஒரு ஓட்டை.

முதலாளி வந்து அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "யாரு கொளுத்துனது?" என்று கேட்டார். அண்ணன் கொளுத்தியதை அவர் உட்பட எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"நாந்தாங்க" என்றார் அண்ணன்.

"சாவியக் குடு."

எங்கள் கராஜில் ஒரு டிரைவரிடம் சாவியைத் திருப்பிக் கேட்டால், அன்றோடு வேலை முடிந்தது. வேலையோடு அறையும். இரும்பு என்று நான் சொன்னதை அண்ணன் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. பின்வாசலில் அவருடைய மனைவி பொங்கல் சட்டியோடு அப்படியே நின்றார். அண்ணன் இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினார்.

"மொதலாளி," என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். "மொதலாளி, இரும்புன்னு சொன்னது நானுங்க. அண்ணன் தட்டிப் பாத்துக் கேட்டாரு. அப்பவும் இரும்புன்னுதான் சொன்னேன். எனக்குத் தெரியாதுங்க. புத்தகத்துல இருந்த அந்தச் சொல்லு எனக்கு வெளங்கல."

ஏசுவார், அடிப்பார், அம்மாவிடம் திருப்பி அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. திறந்திருந்த வீட்டைக் கள்ளன் போனபின் பார்ப்பவனின் முகம் அது.

"வெளங்காமயா இரும்புன்ன?"

"ஆமாங்க."

"அப்ப... இந்த ரெண்டு வருசமா நீ வாசிச்சுச் சொன்னதெல்லாம்?"

இந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பொய் சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன். இன்ஷூரன்ஸ் கடிதங்கள், துறைமுகக் கடிதங்கள், தோட்டக் கம்பெனிகளின் ஒப்பந்தங்கள். விளங்காத வரி வந்தபோதெல்லாம் விளங்கிய வரிகளை நீட்டிச் சொல்லி அதை மூடியிருந்தேன். அதைப் படிப்பு என்றே நினைத்திருந்தேன்.

முதலாளி சாவியை அண்ணனின் கையிலேயே விட்டுவிட்டு, "ஆபீசுக்கு வாடா" என்றார்.

இரண்டு வருடத்துக் கடிதங்களையும் பீரோவிலிருந்து எடுத்து மேசைமேல் போட்டார். வெளியே லொறிகளுக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். முதல் கடிதத்தை என் முன்னால் தள்ளினார்.

"வாசி. தெரியாத எடத்துல நில்லு."

மூன்றாவது வரியில் நின்றேன். "இது தெரியாதுங்க."

அவர் ஏசவில்லை. அந்தக் கடிதத்தைக் கவிழ்த்து இடது பக்கம் வைத்தார். அடுத்ததைத் தள்ளினார். அதிலும் நின்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது, இடது பக்கத்துக் கட்டு என் முழங்கை உயரத்துக்கு வந்திருந்தது. வலது பக்கத்தில், நான் நிற்காமல் வாசித்த ஏழோ எட்டோ கடிதங்கள் கிடந்தன. முதலாளி எழுந்திருக்கவில்லை.

"அடுத்தது" என்றார்.