லவான் கூபியாக் தேடிப்போன ‘மத்தவங்க’

லவான் கூபியாக் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் இந்த மூலையில் அவருக்குத் தெரியாத வளைவு கிடையாது. யார் ஜெயிப்பார் என்பதும் அவருக்குத் தெரியும் என்று எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், கட்சிக் கமிட்டி நம்பியது. தலைவி லவான் கைகாட்டும் ஆளுக்குத்தான் பதினெட்டு உறுப்பினர்களும் வேலை செய்வார்கள்.

ஆனால் கடந்த மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் நடந்தது வேறு. அவர் கைகாட்டியவர்கள் ஆகஸ்டில் கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் முதல்கட்டத் தேர்தலில் சுலபமாக ஜெயித்தார்கள். நவம்பரில் எதிர்க்கட்சியிடம் மண்ணைக் கவ்வினார்கள். மூவருமே யாரையும் முகம் சுளிக்க வைக்காத, பார்வைக்கு லட்சணமான ஆண்கள். மூவரையும் லவானுக்கே அவ்வளவாகப் பிடிக்காது. ஊருக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்.

“நாலாவது தடவையும் கவுந்தா, தலைவர் பதவிய விட்டுடறேன்” என்று ஜூலைக் கூட்டத்தில் அறிவித்தார். யாராவது மறுத்துப் பேசுவார்கள் என்று காத்திருந்தார். செயலாளர் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அதுதான் சுட்டது.

இந்த முறை போட்டி இருவருக்குள். டர்க் ஹால்வர்சன் காப்பீட்டு முகவர். ஆறடி மூன்றங்குலம், பல்வரிசை பிரமாதம். கொரின் சொபோட்டா கால்நடை மருத்துவர். குள்ளம், உரத்த குரல். முதல் பிரசாரக் கூட்டத்திலேயே பசு மடிவீக்கத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசியவர். லவானுக்குப் பிடித்தது கொரினைத்தான்.

வெள்ளிக்கிழமை மாலை, ஊரே மீன் வறுவலுக்குக் கூடும் உணவகத்தில், லவான் மேசை மேசையாகப் போய்க் கட்சிக்காரர்களிடம் யாரை நிறுத்தலாம் என்று கேட்டார். பதில்கள் ஒரே அச்சு. கமிட்டிச் செயலாளர் பில்லிஸ் நாவக் அதைச் சுருக்கிச் சொன்னார்.

“எனக்குக் கொரினைத்தான் பிடிக்கும், லவான். ஆனா மத்தவங்க போட மாட்டாங்களே.”

“எந்த மத்தவங்க?”

“அதான்… ஹே க்ரீக் ரோட்டுக்காரங்க.”

“நீ கேட்டியா?”

“இதையெல்லாம் கேக்கணுமா? தெரிஞ்சதுதானே!”

மறுநாள் காலை லவான் ஹே க்ரீக் ரோட்டுக்கு வண்டியைத் திருப்பினார். எதிர்க்கட்சியின் கோட்டை அது. முதல் வீட்டுக்காரருக்குக் கொரின்மேல் குறை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் போட மாட்டாராம். பக்கத்து வீட்டில், அதற்கும் அடுத்த வீட்டைக் காட்டினார்கள். இப்படியே ஏழு வீடு. தார்ச்சாலை முடிந்து சரளைக்கல் வந்தது. கடைசிப் பண்ணை ஆர்லோ டீட்ஸுடையது. நாற்பது வருடமாக எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுபவர்.

“நீங்க கொரினுக்குப் போட மாட்டீங்களாமே?”

“எவன் சொன்னான்?” ஆர்லோ டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கினார். “போன பனிப்புயல்ல நடந்து வந்து என் கன்னுக்குட்டிய வெளிய இழுத்தவ அவ. அந்தப் பல்லுக்காரன் வந்தா ஒரு காலண்டர் குடுத்துட்டுப் போவான்.”

“அப்ப ஆகஸ்ட்லயே போட்டுடுங்களேன்.”

“அது முடியாது, லவான். எம் மச்சான் எங்க கட்சி வரிசையில ஷெரீஃப் பதவிக்கு நிக்கிறான். ஆகஸ்ட் சீட்டுல எந்தக் கட்சி வரிசையிலயும் போடலாம், ஆனா ரெண்டு வரிசையிலயும் கைய வெச்சா ஓட்டே செல்லாது. அவன விட்டுட்டு வந்தேன்னா வீட்ல எனக்கு யாரு சாப்பாடு போடுவா? நவம்பர்ல அந்தத் தொல்லை இல்ல. ஒவ்வொரு பதவிக்கும் ஆளப் பாத்துப் போட்டுக்கலாம்.”

திரும்பும் வழியில் லவான் வண்டியை ஓரம் கட்டி யோசித்தார். நவம்பரில் யாருடைய ஓட்டு தேவையோ, அவர்கள் ஆகஸ்டில் வேறு வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பதை இத்தனை வருடமும் தன் கட்சிக்காரர்களிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

புதன்கிழமை கூட்டத்தில் எழுந்து, “மத்தவங்களத் தேடிப் போனேன். ரோடே முடிஞ்சுபோச்சு, ஆளக் காணோம். நான் கொரின் பக்கம்” என்றார்.

“ஒரே ஒரு ரோட்ட வெச்சா முடிவு பண்றது?” என்று டர்க்கின் ஆதரவாளர் ஒருவர் சீறினார்.

“முன்னாடி மூணு தடவையும் அந்த ஒரு ரோட்டுக்குக்கூடப் போகலியே!”

பதினெட்டில் பதினொருவர் கொரினுக்குக் கை தூக்கினார்கள். ஆகஸ்டில் கொரின் அறுபத்து மூன்று ஓட்டில் தப்பித்தார். டர்க் அன்றே அழைத்து வாழ்த்தினார், நல்ல மனுஷன்தான்.

நவம்பரில் எங்கள் உள்ளூர்ப் பத்திரிகையின் செய்தி அறைக்கு எண்கள் வந்தபோது நான் முதலில் தேடியது ஹே க்ரீக்கை. அங்கே லவானின் கட்சி எப்போதும் மூன்றுக்கு ஒன்று என்று தோற்கும். கொரினும் தோற்றார், ஆறே ஓட்டில். அந்த நெருக்கமே போதுமானதாக இருந்தது. மொத்தத் தொகுதியில் நூற்று நாற்பது ஓட்டில் ஜெயித்தார்.

அடுத்த கூட்டத்தில் பதவி விலகல் பற்றி எவரும் பேச்செடுக்கவில்லை. லவான் கவுண்டி வரைபடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டாக விநியோகித்தார். அடுத்த தேர்தலுக்கு அவரவர் ரோட்டில் அவரவரே கேட்டு வர வேண்டும்.

பில்லிஸ் தன் துண்டைத் தூக்கிப் பிடித்தார். “லவான், இதுல இருபத்தேழு மைல் இருக்கு!”

“அப்ப காலையிலயே கிளம்பிடு.”