கும்முவின் ஸ்பீக்கர் பெட்டி

லிஃப்ட் மெக்கானிக்குக் கும்மு என்று பெயர் வைத்தது அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். மச்சான் நடத்தும் பாட்டுக் குழுவில் மச்சானே பாடகர், கும்மு பேஸ் கிடார். கும்கும்மென்று வாசிப்பாராம், அதனால் அந்தப் பெயர். சுத்தப் பொய். ட்ரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் அவர் வாசிப்பது ஒரு பொட்டுக்கூடக் கேட்காது. கச்சேரி முடிந்ததும் மச்சானுக்குக் கைகொடுப்பவர்கள் இவரிடம், "மைக் செட்டு நீங்கதானே?" என்பார்கள்.

"ஒருநாளாவது நான் வாசிக்கிறது நாலு பேர் காதுல விழணும்டி," என்று மனைவியிடம் புலம்பினார். அவர் காதிலேயே விழவில்லை என்பதுதான் கொடுமை.

"அண்ணனை மாத்த முடியாது. பெட்டிய மாத்துங்க," என்றாள் அவள்.

கடையில் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் வைத்த பெட்டியில் வாசித்தார். அடிவயிறு அதிர்ந்தது. மனுஷன் சொக்கிப்போனார்.

கடைக்காரப் பெண் அசரவில்லை. "தனியா வாசிச்சா எல்லாப் பெட்டியும் புலிதான் சார். குழுவோட சேர்ந்தா இது தரைக்குத்தான் கேக்கும். பத்து அங்குலம் நாலு வச்சது எடுங்க. வயிறு அவ்வளவா கலங்காது, ஆனா ஒவ்வொரு சுரமும் தெளிவா விழும்."

வயிறு கலங்காததில் கும்முவுக்கு வருத்தம்தான். இருந்தும் அதையே வாங்கினார்.

மச்சான் வீட்டுக் கார் ஷெட்டில் ஒத்திகை. முதல் பாட்டு நாலு வரி போவதற்குள் மச்சான் கையைத் தூக்கினார்.

"மாப்ளே, எந்தச் சுருதியில வாசிக்கிற?"

"எப்பவும் வாசிக்கிறதுலதான்."

கீபோர்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். மச்சானுக்கு மேல்ஸ்தாயி எட்டாமல் போனதும் எல்லாப் பாட்டையும் அரைச் சுரம் இறக்கியிருக்கிறார்கள். கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், சுருதி தானாக இறங்கிவிடும், விரல்கள் பழைய கட்டைகளிலேயே ஓடும். அந்த விரல்களைப் பார்த்தே வாசிக்கிற கும்முவுக்கு என்ன தெரியும்?

"எப்ப இறக்குனீங்க?"

"மூணு வருஷம் இருக்கும்."

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே மச்சான்!"

"சொல்லணும்னு தோணல மாப்ளே. தப்பா எதுவும் காதுல விழலையே."

கும்முவுக்கு அழுகை முட்டியது. மூன்று வருஷம் தப்பாக வாசித்திருக்கிறார், திட்டக்கூட நாதியில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சத்தத்தைக் கடைசி வரை திருகினார்.

"அந்தப் பட்டனை ஆஃப் பண்ணுங்க. இன்னைக்கு எல்லாரும் என் சுருதிக்கு வாங்க."

வந்தார்கள். வராமல் தப்பிக்கிற சத்தமா அது? சரணத்தின் உச்சியில் மச்சானின் குரல் கீச்சென்று உடைந்தது. கும்மு நிறுத்தவில்லை.

மச்சான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினார். "கேக்குது மாப்ளே, கேக்குது! போதும்!"