சாலை தாழ்ந்த இடம்

நல்ல சாலைகளையுடைய நாடு எது என்னும் கேள்வி எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் எழாத நாள் குறைவு. சிக்கல் என்னும் ஊருக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கும் கருவை மரங்களுக்கும் நடுவே கிடக்கும் சிற்றூர் எங்களுடையது. ஆயினும் இக்கேள்விக்கு விடை சொல்லத் தகுதியுடையோர் இங்கே பலர். வீட்டுக்கு ஒருவரேனும் கடல் கடந்து உழைத்துத் திரும்பியவர்கள். நான் ஓமான் நாட்டில் சாலை போடும் வேலையில் என் வாழ்நாளின் வலுவான பகுதியைக் கழித்தவன். என் மனைவியின் தம்பி சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர்.

"சிங்கப்பூர் ரோட்டுல சோத்தக் கொட்டித் திங்கலாம் மச்சான். ஒங்க ஓமான்ல என்ன இருக்கு? ரோட்டுல ஒட்டகம் படுத்துக் கெடக்கும்" என்பார் அவர்.

"ஒட்டகமே படுக்குதுன்னா ரோடு எம்புட்டு சொகமா இருக்கும்னு பாத்துக்கங்க மாப்ள" என்பேன் நான். கடை முழுவதும் சிரிக்கும். மறுநாளும் அதே வழக்கு, அதே வாதம்.

வாதத்துக்காக நான் எதையும் மிகைப்படுத்தியதில்லை. அன்றன்றைய வேலை முடிந்து உருளை இயந்திரம் ஒதுங்கியபின், புதிதாக இறுகிய தாரின் இளஞ்சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலுக்கு ஏறும். மலைகளுக்கிடையே கருநாடாவை விரித்தாற்போல் அச்சாலை கிடக்கும். முகாமுக்குத் திரும்பும் பேருந்தில் ஏறி அமர்ந்ததும் உறக்கம் வந்துவிடும்; ஒரு குலுக்கல் இராது. விடுமுறையில் ஊர் வரும்போதோ, மதுரையில் பேருந்து ஏறினால், எந்தப் பள்ளம் எந்த ஊருக்குரியது என்பது கண்ணைத் திறக்காமலே விளங்கிவிடும். இன்றைக்கும் எங்கேனும் தார் காய்ச்சும் வாசனை வந்தால் நான் சற்று நின்றுவிட்டே போகிறேன்.

அந்நாட்டுச் சாலைகளில் ஒரு செய்தி மட்டும் எனக்கு முதலில் விளங்கவில்லை. மலையிலிருந்து இறங்கும் காட்டாறு குறுக்கிடும் இடங்களில், அத்தனை நேர்த்தியான சாலையை வேண்டுமென்றே தாழ்த்திப் பள்ளமாகப் போடுவோம். ஓரத்தில் கம்பங்கள் நடுவோம். கீழ்ப்பகுதி வெள்ளை, மேற்பகுதி சிவப்பு. வெள்ளை மறைந்து தண்ணீர் சிவப்பைத் தொட்டால் வண்டியை இறக்கலாகாது. ஆனால் ஆறோ பெரும்பாலும் வறண்டு கிடக்கும். இல்லாத தண்ணீருக்காக ஏன் இவ்வளவு அழகான சாலையைக் கெடுக்கிறோம் என்று எங்கள் மேற்பார்வையாளரைக் கேட்டேன். அவர் மலையாளி.

"மழ வந்தா வெள்ளம் எவிடெ போகும்? உன்டெ வீட்டுக்கா?" என்று கேட்டுவிட்டு, அளவுக் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார்.

அந்த வெள்ளத்தை ஒருமுறை கண்டேன். தொலைவில் மலைமேல் மழை. எங்கள் தலைமேல் வெயில். பள்ளத்தில் செந்நீர் புரண்டு ஓடியது. இரு கரையிலும் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒருவரும் ஒலிப்பானை அழுத்தவில்லை. எங்களுக்கு முன்னே நின்ற வண்டியிலிருந்து அந்நாட்டு முதியவர் ஒருவர் இறங்கிப் பாய் விரித்தார். எங்களையும் அழைத்து அமர்த்திப் பேரீச்சம்பழமும் சிறு கிண்ணத்தில் கசப்புக் காப்பியும் தந்தார். அவர் மொழி எனக்கு அரைகுறை; என் மொழி அவருக்கு அறவே தெரியாது. வெயில் சாயும் நேரத்தில் கம்பத்தின் வெள்ளை தெரிந்தது. அவர் பாயைச் சுருட்டினார், நாங்கள் புறப்பட்டோம். அதைவிட நிறைவான பயணத்தை நான் பிறகு மேற்கொண்டதில்லை.

நான் ஊரோடு தங்கிவிட்ட பின்னரே எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை வந்தது. அதற்கு முன்பிருந்தது, சரளைக்கல் கொட்டி இறுக்கிய தாழ்வான கப்பிச் சாலை. மழைக்காலத்தில் மேற்கே காட்டில் பெய்த தண்ணீர் அதன் மேலேறி ஓடும். பேருந்து ஊருக்குள் வராது. ஆகவே ஊரே ஒன்றுகூடி ஒப்பந்தக்காரரிடம், "நல்லா ஒசத்திப் போட்டுருங்க" என்றது. அவரும் அவ்வாறே போட்டார். மாலைதோறும் அதில் நடந்துவருவது எனக்கு வழக்கமாயிற்று. விளிம்பு சற்றுப் பெயர்ந்திருந்தாலும் காலால் தள்ளிச் சேர்த்துவிட்டு வருவேன். "வயல எட்டிப் பாக்க மாட்டீக, ரோட்டத் தடவிக்கிட்டே இருங்க" என்பாள் மனைவி.

வயலைப் பார்த்தவன் என் தம்பி. நான் அயல்நாட்டில் சாலை போட்ட காலமெல்லாம் இருவர் நிலத்தையும் அவன் ஒருவனே உழுது காத்தான். தார்ச்சாலை போட்ட ஆண்டு மழையின்றி அவன் விதைத்த நெல் முழுவதும் கருகியிருந்தது. மறு ஆண்டுக் கார்த்திகையில் மழை குறைவின்றிப் பெய்தது. ஒரு காலையில், தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, ரோட்டுக்கு மேற்க தண்ணி கடலாட்டம் நிக்கிது. கிழக்க கண்மாயில காவாசிகூட இல்ல. பயிரு கதிரு தள்ளாம பொதியில நிக்கிது. இந்தத் தண்ணி உள்ள வரலன்னா இந்த வருசமும் வைக்கோலுதான். ரோட்ட வெட்டணும்."

கப்பிச் சாலையின் மேலேறி ஓடியதாக நாங்கள் சலித்துக்கொண்ட தண்ணீர்தான் எங்கள் வயல்களுக்குப் பாயும் கண்மாயின் வரத்து. கருவை மண்டி மறைந்த வரத்துக்கால்வாயோடு அந்த நினைப்பும் ஊரைவிட்டுப் போயிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பத்துப்பேர் மண்வெட்டியும் கடப்பாரையுமாக நின்றார்கள். யாருக்கும் முதல் குத்தைப் போட மனம் வரவில்லை. மழையில் கழுவப்பட்டுச் சாலை மின்னிக்கொண்டிருந்தது.

"சிங்கப்பூர் ரோட்டுல எச்சி துப்புனாலே புடிச்சிருவான். நீங்க கடப்பாரையோட நிக்கிறீக" என்றார் என் மைத்துனர்.

"அப்ப கண்மாய்க்கும் சிங்கப்பூர்ல இருந்தே தண்ணி வரச்சொல்லுங்க மாப்ள" என்றான் தம்பி. அவன் சிரிக்கவில்லை.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மேற்கே நின்ற தண்ணீரைப் பார்த்தேன். செந்நீர் ஓடிய அந்தப் பள்ளம் என் கண்முன் வந்தது. ஒரு கயிறு கொண்டுவரச் சொன்னேன்.

"கண்டபடி கொத்தாதீக. கயித்துக்கு நேரா வெட்டுங்க. ரெண்டு பக்கமும் சரிச்சு எறக்குங்க, நாளைக்கு வண்டி எறங்கி ஏறணும்" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை வாங்கி முதல் குத்தை நானே போட்டேன். தார் பெயர்ந்த ஓசை எனக்கு மட்டும் உரக்கக் கேட்டிருக்கும் என்று எண்ணுகிறேன்.

தண்ணீர் முதலில் தயங்கியது. பிறகு கருவைச் சருகுகளை அள்ளிக்கொண்டு இறங்கியது. தம்பி மண்வெட்டியோடு அதற்கு முன்னால் ஓடி வழியைச் செதுக்கிக்கொண்டே கண்மாய்வரை போனான். அவன் அப்படி ஓடி நான் பார்த்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

சாலை அலுவலர் வந்து கோபித்துக்கொண்டார். அவரைக் கண்மாய்க்கரைக்கு அழைத்துச் சென்று காட்டினோம். வெட்டிய இடத்தை நிரப்பவேண்டாம், தாழ்வாகவே தரைப்பாலம் கட்டித் தாருங்கள் என்று தை மாதத்தில், அறுவடைக்குப் பின், ஊரார் கேட்டோம். அவ்வாறே கட்டினார்கள். கம்பங்களை நான் நட்டேன்; வெள்ளையும் சிவப்பும் என் கையாலேயே பூசினேன். ஊர் சிரித்தது.

இந்தக் கார்த்திகையில் தண்ணீர் சிவப்பைத் தொட்டது. ஊர்ப்பக்கம் நான் நின்றேன். எதிர்ப்பக்கம் மைத்துனர், வண்டியில் மீன் பையோடு.

"என்ன மச்சான், ஓமான் ரோடு போட்டு என்னைய இங்கன நிப்பாட்டிட்டீக. மீனு நாறிப்போகும்."

"வெள்ளப் பெயிண்டு தெரியட்டும் மாப்ள. அதுவரைக்கும் ஒக்காருங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை நிறுத்தினார். நான் துண்டை விரித்து அமர்ந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே தண்ணீர் கண்மாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. கரைமேல் தம்பி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.